மரைக்கொம்பு: உதிர்ந்து விழுந்தாலும் அது சும்மா கிடக்கும் சரக்கல்ல

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் சந்தை சனம் கலைந்த நேரம், ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் கடைக்கு வந்தான். தோளில் உரப்பை. கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டுதான் பையை அவிழ்த்தான். உள்ளே ஒற்றை மரைக்கொம்பு. இரண்டடிக்கு மேல் இருக்கும். மூன்று கிளையும் முழுசாக, அடிப்பக்கம் முத்துமுத்தாக, நல்ல கறுத்த பழுப்பு நிறம்.

"மொதலாளி, இதுக்கு என்ன வெல குடுப்பீங்க? கொழும்புல இருபத்தையாயிரம் போகுதாம்" என்றான்.

யார் சொன்னது என்று கேட்டேன். கைத்தொலைபேசியைக் காட்டினான். யாரோ வெளிநாட்டில் கொம்பு விற்கிற படமும் டொலர் விலையும் அதில் இருந்தன. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு கொம்பு கிடைத்தால் நகை வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். தேயிலை மலைக்கு மேலே காட்டோரம் கிடந்ததாம். மிருகத்தைத் தொடவில்லை, கீழே விழுந்ததைப் பொறுக்கினேன், இதில் என்ன குற்றம் என்பது அவனுடைய கேள்வி.

இதே கேள்வியைக் கேட்டுத்தான் முப்பது வருடங்களுக்கு முன் நானும் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆகவே இவ்வாரம் இந்தச் சரக்கைப் பற்றி எழுதுகிறேன். ஊவாவில் கடை வைத்திருக்கும் நம்மவர் யாரிடமாவது இன்றோ நாளையோ ஓர் உரப்பை வரத்தான் போகிறது.

முதலில் பெயர்க் குழப்பம். வெள்ளைக்காரத் துரைமார் நமது மரையை 'எல்க்' என்றே அழைத்தார்கள். நுவரெலியாப் பக்கத்தில் எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயர் அப்படி வந்ததுதான். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஹோர்டன் சமவெளியில் நாய்க்கூட்டம் வைத்து 'எல்க்' வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதினார். அங்குள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில் உள்ளது. ஆனால் அவர் வேட்டையாடியது மரையை. சிங்களத்தில் கோனா, இந்தியத் தமிழில் கடமான். அமெரிக்காவில் எல்க் என்பது வாபிட்டி என்ற வேறொரு பெரிய மான். ஐரோப்பாவில் அதே சொல் மூஸ் என்ற இன்னொரு மிருகத்தைக் குறிக்கும். ஒரே பெயரில் மூன்று சரக்கு! அமெரிக்க எல்க் கொம்பின் விலையைப் பார்த்துவிட்டு நமது மரைக்கொம்புக்கு விலை பேசுகிறவன், பாசுமதி விலையைக் கேட்டுவிட்டுச் சம்பா மூட்டைக்கு விலை சொல்கிறவன் மாதிரி.

அடுத்து, கொம்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் இருக்கும் கொம்பு நமது நகத்தைப் போன்ற பொருள். உள்ளே எலும்பும் மேலே உறையுமாக ஆயுள் முழுக்க வளரும், விழாது. மரைக்கும் மானுக்கும் இருப்பது முழு எலும்பு. அது விழுந்து மறுபடி முளைக்கும். ஆணுக்கு மட்டும்தான் உண்டு. வளரும் காலத்தில் மேலே வெல்வெட் மாதிரித் தோலும் இரத்த ஓட்டமும் இருக்கும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிந்து, கொம்பு கெட்டியாகிவிடும். ஆண் சுரப்பு குறையும்போது, கொம்பு மண்டையோடு சேரும் இடத்தில் எலும்பு தானே கரைந்து, ஒரு நாள் மரத்தில் உரசும்போதோ சும்மா நடக்கும்போதோ கழன்று விழும். அமெரிக்க எல்க்குக்குக் கோடையில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரை கூட வளருமாம். அங்கே குளிர்காலம் கழிந்ததும் எல்லா மிருகமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கொம்பை உதிர்க்கும். நமது மரைக்கு அத்தனை கண்டிப்பான பருவம் இல்லை. ஆகவே இங்கே 'சீசன் சரக்கு' என்று எதுவும் கிடையாது.

கீழே கிடக்கும் கொம்பும் வீணாகக் கிடப்பதில்லை. முள்ளம்பன்றியும் எலியினங்களும் சுண்ணச் சத்துக்காக அதைக் கொறிக்கும். தோட்டத்து ஆட்கள் கொண்டுவரும் கொம்புகளில் பல் பதிந்த வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் கொழும்புத் தரகர்கள் அந்த வரியைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள்.

அந்தக் காலம் என்றேன். நமது முன்னோர் தவளம் ஓட்டிய காலத்திலிருந்தே இந்தச் சரக்கு இருந்தது. பொதிமாட்டில் உப்பும் கருவாடும் துணியும் ஊவாவுக்கு ஏறும். பாக்கு, தேன், மெழுகு, தோல், கொம்பு என்று இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் ஏற்றுமதிப் பட்டியல்களில் மான் கொம்பு தனிச் சரக்காகவே இருந்தது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கத்தித் தொழிற்சாலைகளுக்குப் பிடி போட அது வேண்டும். மரைக்கொம்பு மற்ற மான்களின் கொம்பைவிட உள்ளே இறுக்கமானது, பஞ்சுப் பகுதி குறைவு, ஈரக்கையிலும் வழுக்காது. அதனால்தான் அதற்கு மதிப்பு. யூனானி வைத்தியத்தில் கர்னுல் அயில் என்ற பெயரில் மான் கொம்பைச் சுட்டு குஷ்தா செய்வார்கள். சித்த வைத்தியத்தில் மான் கொம்புப் பற்பம் உண்டு. எங்கள் வாப்பாவின் கடையில் மிளகு, கராம்பு, பிபிலைத் தேன் மெழுகு ஆகியவற்றோடு ஒரு மூலையில் நாலைந்து கொம்பும் எப்போதும் கிடக்கும். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

ஆனால் சட்டம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. தோலுக்கும் கொம்புக்குமாக மிருகங்கள் கூட்டங்கூட்டமாக அழிவதைப் பார்த்த வேட்டைக்காரத் துரைமாரே 1894இல் சங்கம் அமைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதுதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949இல் தனித் திணைக்களம் ஏற்பட்டது. ஹோர்டன் சமவெளி 1969இல் ஒதுக்ககமாகி, 1988இல் தேசியப் பூங்காவானது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இன்று மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைக் கொல்வது மட்டுமல்ல, அதன் இறைச்சி, தோல், கொம்பு ஆகியவற்றை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். திணைக்களப் பணிப்பாளரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் சுங்கச் சட்டமும் சேர்ந்து பிடிக்கும். மரை உலகளவிலும் 2008 முதல் அழிவபாயத்துக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இனி என் கதை. 1993ஆம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. வாப்பா நோயாகி வீட்டில் இருந்த காலம். கடைப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு தரகர் வந்தார். ஜேர்மனியில் கத்திக் கம்பெனி வாங்குகிறது, கிலோ முந்நூறு ரூபா தருகிறேன், இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போகிறது என்றார். இந்தியாவைப் பற்றி அவர் சொன்னது முழுப் பொய்யல்ல; அங்கே உதிர்ந்த கொம்பை ஏற்றுமதி செய்ய அப்போது இடமிருந்தது. இங்கே சட்டம் என்ன என்று கேட்டேன். "அறுத்தாத்தான் கேஸ் தம்பி, விழுந்ததுக்கு என்ன கேஸ்?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டால் போதும், விசாரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிற வயது.

லுணுகலை, மடுல்சீமை, பிபிலைப் பக்கமெல்லாம் சொல்லி வைத்தேன். கிலோ நூற்றிருபது ரூபா. முதல் மாதம் நாலு கொம்பு வந்தது. விலை பரவிய பிறகு மூன்றாம் மாதத்தில் மட்டும் இருபதுக்கு மேல் வந்தது. சரக்கு தேறுகிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, மரைகள் திடீரென்று ஏன் இத்தனை கொம்பை உதிர்க்கின்றன என்று யோசிக்கவில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று கொம்பு, ஐம்பத்திரண்டு கிலோ. லொறி பேசும் நேரத்தில், கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற வாப்பாவின் கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டு, "பெர்மிட் எங்கே மகன்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தரகரிடம் அதைக் கேட்டேன். நாளைக்கு அனுப்புகிறேன் என்றவரை அதன் பின் நான் காணவேயில்லை.

சரக்கு களஞ்சியத்தில் கிடந்தது. எனக்கு மூன்று வாரம் தூக்கமில்லை. கடைசியில் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் உரிய அதிகாரிகளிடம் உள்ளதைச் சொல்லி ஒப்படைத்தேன். வாப்பாவின் பெயருக்காகவோ என் வயதுக்காகவோ எச்சரித்து விட்டார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். போனது ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபா முதல், வழக்கறிஞர் செலவு தனி.

ஆனால் எனக்கு இன்றும் மறக்காதது பணமல்ல. கொம்புகளை நிலத்தில் பரப்பி அந்த அதிகாரி ஒவ்வொன்றாக அடியைத் திருப்பிப் பார்த்தார். தானாக விழுந்த கொம்பின் அடி, சற்று வெளியே புடைத்து, சொரசொரப்பாக, முழுசாக இருக்கும். கொன்று எடுத்ததில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும், அல்லது வாளால் அறுத்த தட்டையான வெட்டு தெரியும். நாற்பத்து மூன்றில் ஒன்பதைத் தனியே எடுத்து வைத்தார். எல்லாம் மூன்றாம் மாதத்துச் சரக்கு. நான் நூற்றிருபது ரூபா என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மரைகள் சுருக்குக் கம்பியில் விழுந்திருக்குமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

விழுந்த கொம்புக்கும் ஏன் தடை என்பது அன்றுதான் விளங்கியது. முழுக் கொம்பாக இருக்கும்வரை அடியைப் பார்த்துச் சொல்லலாம். நாலங்குலத் துண்டாக அறுத்துக் கத்திப்பிடி ஆக்கிவிட்டால், மாவாக அரைத்துவிட்டால், எந்த நிபுணனாலும் உதிர்ந்ததா உரித்ததா என்று சொல்ல முடியாது. இந்தியாவும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும் உதிர்ந்த கொம்புக்கு வழிவிட்டிருந்தவர்கள், 1990களின் இறுதியில் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கொம்பையும் தடைக்குரிய பொருளாகச் சேர்த்தது. அதற்குப் பின் உலகக் கத்திக் கம்பெனிகள் மாட்டெலும்புக்கும், ஐரோப்பியச் செம்மான் கொம்புக்கும், பிசினில் வார்த்த போலிக்கும் மாறின. ஆகவே கொழும்பில் யாரோ இருபத்தையாயிரம் தருகிறார் என்றால், அது திறந்த சந்தை விலையல்ல. பிடிபட்டால் நீங்கள் உள்ளே போவதற்கான கூலியும் அதில் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதே தொழில் பகிரங்கமாக நடக்கிறது. வையோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஊரருகே 1912இல் ஏற்படுத்திய எல்க் சரணாலயம் உள்ளது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான எல்க் அங்கே இறங்கும். உதிரும் கொம்புகளைப் பொதுமக்கள் தொடக்கூடாது. சாரணச் சிறுவர்கள் சேகரித்து, 1968 முதல் வருடாவருடம் மே மாதத்தில் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுகிறார்கள். வருமானத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது. சரணாலயத்துக்கு வெளியே பொறுக்கலாம், ஆனால் மேற்குப் பகுதியில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியும்வரை தடை. பனியில் மெலிந்த மிருகத்தைக் கொம்புக்காக விரட்டினால் செத்துப்போகும் என்பது காரணம். 2024 முதல் வெளிமாநிலத்தார் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் விளக்குக் கூடு, கதிரை, கத்திப்பிடி செய்கிறார்கள். நாய் கடிப்பதற்குக்கூடத் துண்டு போட்டு விற்கிறார்கள். ஏலம், இரசீது, காலக்கெடு எல்லாம் இருக்கும் இடத்தின் விலை அது. அது எதுவுமில்லாத நம்மிடம் அந்த விலைப்பட்டியலுக்கு அர்த்தமில்லை.

கொம்புத் தொழிலே வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சம்பல் நகரை அடுத்த சராய் தரீனில், நம்மவர்களான முஸ்லிம் கைவினைஞர்கள் எருமைக் கொம்பிலும் எலும்பிலும் சீப்பு, பொத்தான், பிடி, பாத்திரம் என்று செய்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். அறுவை மடுவங்களின் கழிவுதான் மூலப்பொருள். வெளிநாட்டுச் செம்மான் கொம்பை இறக்குமதி செய்ய நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்பே சுங்கத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய பங்களாச் சாமான் ஏலத்தில் சுவரில் மாட்டிய கொம்பைக் கண்டாலும் இதே கதைதான். அது துரை காலத்துக் கொம்பு என்று வாயால் சொல்வது ஆவணம் ஆகாது.

அந்தப் பையனுக்கு வருவோம். கொம்பை வாங்கவும் இல்லை, கடையில் வைக்கச் சொல்லவும் இல்லை. என் ஒன்பது கொம்புக் கதையைச் சொன்னேன். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதே ஆபத்து என்று விளக்கினேன். திணைக்களத்தில் ஒப்படைப்பதானால் கூட வருகிறேன் என்றேன்; பயந்துவிட்டான். நகை விஷயத்துக்கு எனக்குத் தெரிந்த கடையில் தவணை பேசிக்கொடுத்தேன். அதற்கு நான் பொறுப்பு நின்றேன். இதுவரை இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறான்.

இரண்டாவது தவணை கட்ட வந்தபோது கொம்பு என்னவாயிற்று என்று கேட்டேன். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டானாம். போன கிழமை விறகுக்குப் போனவன் எட்டிப் பார்த்திருக்கிறான். "பாதிய முள்ளம்பன்றி தின்னுருச்சு மொதலாளி" என்றான்.