கடனட்டைச் சுமையிலிருந்து மீள்வது எப்படி?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி விட்டுச் சென்ற சுமைகளில் ஒன்று, பல குடும்பங்களின் கடனட்டைக் கணக்குகளில் இன்னமும் நிலுவையாக நிற்கிறது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. சம்பளம் அந்த வேகத்தில் உயரவில்லை. அரிசிக்கும் பால்மாவுக்கும் பிள்ளைகளின் கல்விச் செலவுக்கும் கடனட்டையை நீட்டவேண்டிய நிலைக்கு மாதச் சம்பளக்காரர் பலர் தள்ளப்பட்டனர். 2020 ஆகஸ்டில் 18 சதவீதமாக மட்டுப்படுத்தப்பட்டிருந்த கடனட்டை வட்டி, நெருக்கடிக் காலத்தில் சில வங்கிகளில் 36 சதவீதம் வரை சென்றது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி தலையிட்டு 28 சதவீதத்தை உச்ச வரம்பாக விதித்தது.

வட்டி இறங்கிய போதிலும் கடன் இறங்கவில்லையே என்பதுதான் பலரது ஆதங்கம். இதற்கான பிரதான காரணம், மாதாந்தக் கூற்றில் காணப்படும் ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்ற வரியாகும். அதைச் செலுத்திவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. வங்கியிலிருந்து தொலைபேசி அழைப்பும் வராது. ஆனால் கடன் தீர்வதற்கான தொகை அதுவல்ல.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நிலுவை 2 இலட்சம் ரூபா, ஆண்டு வட்டி 28 சதவீதம், குறைந்தபட்சக் கொடுப்பனவு நிலுவையின் 5 சதவீதம் என வைத்துக்கொள்வோம். புதிதாக எதுவும் வாங்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருபவர், ஓராண்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 5 ஆயிரம் ரூபாவைக் கட்டியிருப்பார். ஆனால் கடன் குறைந்திருப்பது சுமார் 57 ஆயிரம் ரூபாவால் மாத்திரமே. எஞ்சிய 48 ஆயிரம் ரூபாவும் வட்டிக்கே போயிருக்கும். நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் தொகையும் குறைவதால், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்ற பின்னரும் 20 ஆயிரம் ரூபா எஞ்சியிருக்கும்.

அதே மனிதர், வங்கி கேட்கும் தொகை குறைந்தாலும் தான் கட்டும் தொகையைக் குறைக்காமல், மாதந்தோறும் 10 ஆயிரம் ரூபாவையே செலுத்தினால் 28 மாதங்களில் கடன் முற்றாகத் தீர்ந்துவிடும். 20 ஆயிரம் ரூபா செலுத்த இயலுமாயின் 12 மாதங்கள் போதும். முதல் மாதத்தில் செலுத்திய தொகையைக் கடைசி மாதம் வரை மாற்றாதிருப்பதே கடனிலிருந்து மீள்வதற்கான முதல் விதியாகும்.

இரண்டாவது விதி, அந்த அட்டையில் புதிய கொள்வனவுகளை நிறுத்துவது. பழைய நிலுவை முழுமையாகச் செலுத்தப்படாதபோது, புதிய கொள்வனவுகளுக்கான வட்டியில்லாச் சலுகைக் காலமும் பொதுவாக இல்லாமற் போய்விடுகிறது. அட்டையைக் கொண்டு காசாக எடுக்கும் பணத்துக்கோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. அதற்கான கட்டணம் வேறு. ஓர் அட்டையின் கடனை மற்றோர் அட்டையிலிருந்து காசெடுத்து அடைப்பது கடனை இடம்மாற்றுவதேயன்றித் தீர்ப்பதாகாது.

தவணைக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானதே. இங்குதான் குடும்ப வரவுசெலவுக் கணக்கு அவசியமாகிறது. ஒரு மாதம் முழுவதும் செலவை ஒரு கொப்பியில் எழுதி வந்தால், வீட்டு வாடகை, மின்சாரம், உணவு, மருந்து போன்ற தவிர்க்க முடியாத செலவுகளும் தள்ளிப்போடக்கூடியவையும் தாமாகவே பிரிந்து தெரியும். மாத இறுதியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என எண்ணினால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் கிடைத்த அன்றே தவணையைச் செலுத்திவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மாதத்தைத் திட்டமிடுவதே நடைமுறைக்கு உகந்தது. தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள் காலங்களின் விலைக்கழிவு விளம்பரங்களும் தவணைத் திட்டங்களும் இத்திட்டத்தைக் குலைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இஸ்லாம் வட்டியைத் தடைசெய்துள்ளதை நமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். சலுகைக் காலத்துக்குள் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்துடன் அட்டையைப் பயன்படுத்துவோரும், ஒரு மாதம் தவறினால் வட்டிக்குள் விழுந்துவிடுகின்றனர். உறவினரிடம் பெறும் வட்டியில்லாக் கைமாற்றோ ‘கர்ழ் ஹஸன்’ எனும் அழகிய கடனோ இத்தகைய வேளையில் பேருதவியாகும். ஆயினும் அவையும் திருப்பிச் செலுத்தப்பட வேண்டிய கடன்களே என்பதை மறத்தலாகாது.

தவணையைச் செலுத்தவே இயலாத நிலையில் இருப்போர் வங்கியைத் தவிர்ப்பது ஆபத்தானது. தவறிய கொடுப்பனவுகள் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதிவாகும். நாளை வீட்டுக் கடனுக்கோ தொழிற் கடனுக்கோ விண்ணப்பிக்கையில் அப்பதிவு குறுக்கே நிற்கும். நிலைமையை எழுத்து மூலம் தெரிவித்து, அட்டைக் கடனைக் குறைந்த வட்டியிலான நிலையான தவணைக் கடனாக மாற்றித் தருமாறு கோரலாம். வங்கி மறுக்கலாம், ஆனால் கேட்பதனால் இழப்பதற்கு எதுவுமில்லை.

கடன்பட்டோர் பலர் அதை வாழ்க்கைத் துணையிடம்கூட மறைக்கின்றனர். வெட்கமே இதற்குக் காரணம் எனலாம். நெருக்கடிக் காலத்தில் பிள்ளைகளின் பசிபோக்கப் பட்ட கடனில் வெட்கப்பட ஏதுமில்லை. குடும்பம் முழுவதும் அறிந்த கடனையே குடும்பம் முழுவதும் சேர்ந்து தீர்க்க முடியும். அடுத்த மாதக் கூற்று வரும்போது அதை இருவரும் சேர்ந்திருந்து வாசிப்பதிலிருந்து இதனை ஆரம்பிக்கலாம்.