சான்றிதழ் இருந்தது, கதவு பூட்டியிருந்தது

கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து, 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருப்பதாக எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. இத்தகைய சான்றிதழுக்காக ஆலையைச் சோதிக்கும் தணிக்கைக்காரருக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் ஆலையோ, அதனிடம் துணி வாங்கும் நிறுவனமோதான். அறிக்கை தொழிலாளியின் கண்ணுக்கு வராது. ஆக, இந்த ஏற்பாடு காப்பாற்றுவது வாங்குகிறவரின் பெயரை மட்டுமே.

ஆலை தைத்ததில் பெரும்பகுதியை வாங்கியது ஜெர்மனியின் மலிவுவிலைத் துணிக்கடை நிறுவனமான கிக். நெருப்பு வைத்தது விஷமிகள், நாங்கள் என்ன செய்வோம் என்பது அதன் வாதம். தீ வைக்கப்பட்டதுதான் என்று கராச்சி நீதிமன்றமும் 2020-ல் தீர்ப்பளித்தது. வைத்தவர்கள் குற்றவாளிகள், சந்தேகமில்லை. ஆனால் தப்பியோட வழியில்லாமல் கதவைப் பூட்டியது அவர்களா? ஆலை வேறொருவருடையது என்ற பதிலும் பாதி உண்மைதான். நிறம், தையல், விலை, கப்பலேற்றும் தேதி என எல்லாவற்றையும் வாங்குகிறவர் தீர்மானிக்கிறார். பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் அவர் அந்நியராகிவிடுகிறார். 2016-ல் 51.5 லட்சம் டாலர் இழப்பீடு தர கிக் சம்மதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் கிக் மீது ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கோ, பாகிஸ்தான் சட்டப்படி காலாவதியாகிவிட்டது என்று 2019-ல் தள்ளுபடியானது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

வேறு வழி இல்லாமலில்லை. வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபின், 200க்கும் அதிகமான பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டன. கையெழுத்திட்டவர் மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். ஆய்வறிக்கைகள் பகிரங்கமாக வெளிவரும். திருத்தாத ஆலைக்கு ஆர்டர் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு 2022-ல் கையெழுத்தான உடன்படிக்கை, பாலியல் கொடுமை விஷயத்தில் இதே வழியைப் பின்பற்றியது. கெடுபிடி கூடினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஏழைத் தொழிலாளிக்கு வேலையும் உயிர்ப் பிரச்சினைதானே. ஆனால் ஒப்பந்தத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி வளரத்தான் செய்தது.

பொருள் தரும் ஆலைகளில் மனித உரிமை மீறலைத் தடுக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விநியோகச் சங்கிலிச் சட்டத்தை ஜெர்மனியும் 2023 முதல் அமல்படுத்தியது. அபராதம் உண்டு, கட்டினால் அரசுக்குப் போகும். அச்சட்டத்தை மீறியதைக் காட்டி இழப்பீடு கேட்கும் புதிய உரிமை எதையும் அது தரவில்லை. கராச்சிக் குடும்பங்களைப் போன்றவர்கள் நாளை டார்ட்மண்டுக்குப் போனாலும், பழைய சட்டத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும்.