தீராத வழக்குகள் – 9: எழுதத் தெரியாதவர் எழுதிய கடிதம்

ஜப்பானில் ‘புராக்குமின்’ எனப்படுவோர் மொழியாலோ நிறத்தாலோ பிற ஜப்பானியரிடமிருந்து வேறுபட்டவர்கள் அல்லர். இறந்த விலங்குகளை அகற்றுவது, தோல் பதனிடுவது, தண்டனைகளை நிறைவேற்றுவது போன்ற, தீட்டு எனக் கருதப்பட்ட தொழில்களோடு தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் பிணைக்கப்பட்டுத் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அவர்கள். ‘புராக்கு’ என்ற சொல்லுக்குச் சிற்றூர் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. 1871ஆம் ஆண்டின் அரசாணை பழைய இழிபெயர்களை ஒழித்தது. ஆயினும் மறு ஆண்டு தொகுக்கப்பட்ட குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் இவர்கள் ‘புதிய பொதுமக்கள்’ என்று தனித்துக் குறிக்கப்பட்டதால், ஆணை நீக்கிய அடையாளத்தை ஏடு காப்பாற்றிக் கொடுத்தது. ‘சயாமா வழக்கு’ என்று அறியப்படும் வழக்கை இந்தப் பின்னணியைத் தவிர்த்துப் படிக்க முடியாது.

1963 மே 1 அன்று, டோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாகாணத்திலுள்ள சயாமாவில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிய 16 வயது மாணவி ஒருவர் காணாமற்போனார். அன்றிரவே 2 லட்சம் யென் கேட்டு மிரட்டற்கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. கடிதம் குறித்த இடத்தில் ஏறத்தாழ 40 போலீசார் மறைந்திருந்தும், பணம் வாங்க வந்தவன் தப்பிவிட்டான். மே 4 அன்று மாணவியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. டோக்கியோவில் நடந்த மற்றொரு ஆட்கடத்தலில் பணத்தோடு குற்றவாளியைத் தப்பவிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், போலீஸ் துறை யாரையேனும் விரைந்து காட்டியாக வேண்டிய நெருக்கடிக்கு உள்ளானது. விசாரணை அருகிலிருந்த புராக்குக் குடியிருப்புகளை நோக்கித் திரும்பியது. மே 23 அன்று, அங்கு வசித்த 24 வயது இஷிகாவா கசுவோ, இக்கொலையோடு தொடர்பில்லாத சிறு குற்றங்களையும் சேர்த்துச் சுமத்திக் கைதுசெய்யப்பட்டார். ஒரு வழக்கின் பெயரில் பிடித்து வேறொரு வழக்குக்காக விசாரிக்கும் இம்முறையை ஜப்பானியச் சட்ட வழக்கில் ‘வேற்று வழக்குக் கைது’ என்பர்.

ஏறத்தாழ ஒரு மாதம் குற்றத்தை மறுத்த இஷிகாவா பின்னர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் பத்து ஆண்டுகளில் வெளியே வரலாம் என்று வாக்களித்ததோடு, மறுத்தால் அண்ணனைக் கைதுசெய்வோம் என்றும் போலீசார் மிரட்டினர் என்பது அவர் பிற்காலத்தில் கூறியது. அந்த வாக்கை நம்பியே அவர் கீழ்நீதிமன்றத்திலும் மறுப்புச் சொல்லவில்லை. 1964 மார்ச் 11 அன்று உராவா மாவட்ட நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், மேல்முறையீட்டின் முதல் அமர்விலேயே, தாம் கொல்லவில்லை என்று அவர் அறிவித்தார்.

இவ்வழக்கின் மையம் அந்த மிரட்டற்கடிதமே. வறுமையால் தொடக்கக் கல்வியைக்கூட முறையாக முடிக்காமல் வேலைக்குச் சென்றவர் இஷிகாவா. கடிதமோ ‘கஞ்சி’ எனப்படும் சீன எழுத்துகளைத் தாராளமாகக் கையாள்கிறது. எளிய அசையெழுத்து போதுமான இடங்களிலும், ஒலிக்காக மட்டும் கஞ்சியை இட்டு நிரப்பியிருக்கிறது. இது எழுத்தறியாதவரின் தடுமாற்றம் அன்று, எழுத்தறிந்தவர் அப்படித் தோன்ற முயன்றதன் தடயம் என்பது வழக்கறிஞர்களின் வாதம். சிறுமியருக்கான இதழொன்றைப் பார்த்து அவர் எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டார் என்று டோக்கியோ உயர் நீதிமன்றம் 1974 அக்டோபர் 31 தீர்ப்பில் விளக்கம் கண்டது. தூக்கு மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. பள்ளிக்கு அனுப்பாத சமூகம், பள்ளிக்குச் செல்லாததையே சான்றாகக் காட்டியவரை நம்ப மறுத்தது. இஷிகாவா பிற்பாடு சிறையில்தான், காவலர் ஒருவரின் உதவியோடு, எழுதப் படிக்கக் கற்றார்.

மாணவியுடையது என்று காட்டப்பட்ட பேனா மற்றொரு புதிர். இஷிகாவாவின் வீட்டில் இரண்டு முறை பல போலீசார் துருவித் தேடியும் கிடைக்காத அப்பேனா, மூன்றாம் சோதனையில், சமையலறை வாசலின் மேற்சட்டத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 176 செ.மீ. உயரத்தில் அகப்பட்டது. மாணவி பயன்படுத்திய மையில் குரோமியம் உண்டென்றும், பேனாவிலிருந்த மையில் அது இல்லையென்றும் 2018இல் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வறிக்கை கூறியது.

புராக்கு விடுதலைக் கழகம் இதனைப் ‘பாகுபாட்டு விசாரணை’ என்று அழைத்து நாடு தழுவிய இயக்கமாக்கியது. 1974இல் டோக்கியோவில் பெருந்திரள் பேரணிகள் நடந்தன, 1976இல் குடியிருப்புக் குழந்தைகள் பள்ளிப் புறக்கணிப்பு செய்தனர். எழுபதுகளில் கம்யூனிஸ்ட் கட்சியோடு ஏற்பட்ட பிளவு இவ்வியக்கத்துக்கு நேர்ந்த பெருங்கேடு. குற்றமற்றவரைக் காப்பதில்கூட அணி பார்த்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தனர். கழகத்தின் முயற்சியில் உருவான பன்னாட்டு அமைப்பு வழியாக இப்போராட்டம் இந்திய தலித் அமைப்புகளையும் சந்தித்தது. பிறப்புவழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் அறிவித்தது.

உச்ச நீதிமன்றம் 1977இல் மேல்முறையீட்டைத் தள்ளியபின் எஞ்சியது ‘மறுவிசாரணை’ என்ற ஒரே கதவு. தீர்ப்பு உறுதியான வழக்கைத் தெளிவான புதுச் சான்றின் பேரில் மீண்டும் திறக்கும் ஏற்பாடு இது. ஐயத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்கே என்ற கோட்பாடு இதற்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றமே 1975இல் கூறியிருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பின் பெட்டியில் எவை உள்ளன என்பதை மனுதாரர் அறிய உரிமை இல்லாதவரை, புதுச் சான்று கொண்டுவா என்பது பூட்டிய வீட்டுக்குள் இருப்பதை வெளியிலிருந்து எடுத்துவா என்பதாகும். 2009 டிசம்பரில் நீதிபதி அறிவுறுத்திய பிறகே, கைதான அன்று இஷிகாவா தம் கையால் எழுதிய வாக்குமூலமும் விசாரணை ஒலிநாடாக்களும் வெளிவந்தன. அந்த நாளின் தட்டுத்தடுமாறிய எழுத்து 47 ஆண்டுகள் அரசின் கைவசம் இருந்திருக்கிறது.

1994 டிசம்பரில் அவர் பரோலில் வெளிவந்தார். ஆயினும் ஆயுள் கைதி என்ற நிலை மாறவில்லை, கண்காணிப்பும் நீங்கவில்லை. 2006இல் அளித்த மூன்றாம் மறுவிசாரணை மனு முடிவு காணாமலே, 2025 மார்ச் 11 அன்று, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு 61 ஆண்டுகள் நிறைந்த அதே தேதியில், 86 வயதில் காலமானார். மனுதாரர் இறந்ததால் மனுவும் முடிந்துபோனது. இறந்தவருக்காக வாழ்க்கைத்துணை மனுச் செய்யலாம் என்ற சட்டப் பிரிவின்படி, அவருடைய மனைவி 2025 ஏப்ரல் 4 அன்று டோக்கியோ உயர் நீதிமன்றத்தில் நான்காம் மனுவைத் தாக்கல் செய்தார்.

(தொடரும்)