பேய்க்கும் கணக்கு உண்டு!

தியேட்டரில் உங்கள் பக்கத்து ஸீட்டில் ஒரு ஆசாமி வந்து வாய்த்திருப்பார். ஹீரோ உருகி உருகிக் காதலைச் சொல்லிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, ‘‘சார்... போன ஷாட்ல சட்டை மேல் பட்டன் போட்டிருந்தான். இப்ப தொறந்திருக்கு பாருங்க’’ என்று உங்கள் காதைக் கடிப்பார். அவரைக் கொலை செய்தால் என்ன தண்டனை கிடைக்கும் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

அந்த ஆசாமி நான்தான்.

திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷமாக அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். பில்லில் ஒரு தேதி, வவுச்சரில் வேறு தேதி இருந்தால் என் கண் தானாகவே அங்கே போய் பிரேக் போட்டு நிற்கும். இந்த வியாதிக்கு சினிமாவில் ஒரு உத்தியோகமே இருக்கிறது என்பது அக்கா பையன் சொல்லித்தான் தெரியும். பயல் மதுரையில் விஸ்காம் கடைசி வருஷம். மார்க்குக்காக 12 நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுத்துக் காட்டியாக வேண்டும். பேய்ப் படம். கொடைக்கானல். மூன்று நாள் ஷூட்டிங். பைனான்ஸ், அவன் அம்மாவின் சீட்டுப் பணம் நாற்பதாயிரம்.

‘‘மாமா, நீங்க வந்து கன்டினியூட்டி பாருங்க’’ என்றான் அவன். ‘‘டேய் தம்பி, நீ கூடப் போய் பணம் எங்கெங்க போகுதுன்னு பாரு’’ என்றாள் அக்கா. இரண்டு பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

‘‘எதுக்குய்யா மூணு நாள் லீவு?’’ என்றார் மானேஜர்.

‘‘ஒரு பேய் விஷயமா கொடைக்கானல் போறேன் சார்.’’

உடனே கையெழுத்துப் போட்டார். பயந்தாரா, பரிதாபப்பட்டாரா... கேட்டுக்கொள்ளவில்லை.

கதை இதுதான். மலையில் ஒரு பழைய பங்களா. அதை விலை பேச ஒரு பேங்க்காரர் வருகிறார். வாட்ச்மேன் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைக்கிறார். ‘இன்னொண்ணு யாருக்கு?’ என்று கேட்டால் பதில் இல்லை. கடைசி ஷாட்டில் எதிர்ப்பக்கத்து டம்ளர் தானாக மூன்று அங்குலம் நகர வேண்டும். அவ்வளவுதான். வெள்ளைப் புடவை கிடையாது, கொலுசு கிடையாது. பட்டப்பகல் பேய்! (ராத்திரி என்றால் லைட் வாடகைக்கு இன்னொரு சீட்டு கட்ட வேண்டியிருக்கும்.)

கதையை நேர்வரிசையில் எடுப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. கேமரா ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா, அந்தப் பக்கத்து ஷாட்டுகளை எல்லாம் மொத்தமாகச் சுட்டுத் தள்ளிவிடுவார்கள். ஹீரோ காலை ஒன்பது மணிக்குக் கேள்வி கேட்பார். வாட்ச்மேன் மறுநாள் மத்தியானம் முழிப்பார். இரண்டையும் ஒட்டினால் ஒரே நிமிஷத்தில் நடந்ததாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் நோட்டுப் புத்தகமும் கையுமாக ஒருத்தன். ஸீன், ஷாட், டேக் என்று கோடு போட்டேன். சால்வை எந்தத் தோளில், பேனா எந்தக் கையில், கைக்கடிகாரத்தில் மணி என்ன (முள்ளை 11.10-ல் நிறுத்தியே வைத்துவிட்டோம்), வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, டம்ளரில் டீ எவ்வளவு. ஒவ்வொரு ‘கட்’டுக்கும் செல்போனில் ஒரு போட்டோ. கண்ணாடி டம்ளரின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு கிழித்து, அந்த மட்டத்துக்கு டீ ஊற்றினோம். ஹீரோ முதல் நாள் மட்டும் பதினெட்டு டம்ளர் குடித்தார். ராத்திரி தூக்கம் வராமல் பேய் மாதிரி உலாத்தியது அவர்தான்.

இன்னொரு ‘காலம்’ நானாகச் சேர்த்தது: மேகம். இருக்கு, இல்லை, பாதி.

கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி உயரம். காலையில் துடைத்துவிட்ட மாதிரி வெயில் அடிக்கும். மத்தியானம் ஏதோ ஒரு நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏறி வந்து எதிரே நிற்கிற பைன் மரத்தை விழுங்கிவிடும். பத்து நிமிஷத்தில் மறுபடியும் வெயில்! ஹனிமூன் ஜோடிகளுக்கு சொர்க்கம். கன்டினியூட்டி பார்க்கிறவனுக்குப் பரம விரோதி. ‘‘இது எப்ப போகும் தாத்தா?’’ என்று பங்களாவின் நிஜ வாட்ச்மேனைக் கேட்டேன். ‘‘உங்களைக் கேட்டா வந்துச்சு, சொல்லிட்டுப் போக?’’ என்றார்.

(இதே ஊரில் சூரியனுக்கே கன்டினியூட்டி நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமோ? 1899-ல் தொடங்கிய வான் ஆராய்ச்சி நிலையம். 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்துத் தேதி போட்டுச் சேர்த்துவருகிறார்கள். இன்றைய சூரியக் கரும்புள்ளியை நூறு வருஷத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேகம் மூடிய நாளில் அவர்களுக்கும் ‘பேக்கப்’தான். கேட்டதும் எனக்கு ஒரு சகோதர பாசமே வந்துவிட்டது.)

டம்ளர், சால்வையெல்லாம் பார்த்தால் தெரிகிற விஷயம். பார்த்தாலும் பிடிபடாத ஒன்று இருக்கிறது: திசை. பேங்க்காரரின் ஜீப் மலை ஏறுகிற ஷாட். ஜீப் திரையில் இடமிருந்து வலமாகப் போனால் அடுத்த ஷாட்டிலும் அப்படியே போக வேண்டும். வலமிருந்து இடமாகப் போனால் ‘ஏன்யா, பர்ஸை மறந்துட்டுத் திரும்பிட்டாரா?’ என்று ஜனங்களுக்குத் தோன்றும். சமவெளி ரோட்டில் இது சுலபம். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற மலைப்பாதையில்? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் நிஜமாகவே திசை மாறிவிடுகிறதே! கேமராப் பையன் கெட்டிக்காரன். ஒரு வளைவில் ஜீப் திரும்புவதையே முழுசாக ஒரே ஷாட்டில் காட்டினான். இன்னொரு இடத்தில், ஜீப் கேமராவுக்கு நேராக வந்து மூஞ்சியில் இடிக்கிற மாதிரி ஒரு ஷாட். அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. அதற்கப்புறம் எந்தத் திசையில் காட்டினாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் இதே சட்டம். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து, யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கும். அதுவும் எங்கள் படத்தில் எதிரே நாற்காலி காலி! ஹீரோவின் பார்வை ஒரு ஜாண் தப்பினாலும் பேய் இடம் மாறி உட்கார்ந்துவிடும்.

முதல் நாள் ராத்திரி டீக்கடையில் சினிமாப் பேச்சு. கொடைக்கானலில் சினிமாப் பேச்சு எடுத்தால் அது குணா குகையில்தான் போய் முடியும். வெள்ளைக்காரன் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர் வைத்த இடம். 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’வுக்குப் பிறகு பிசாசைத் துரத்திவிட்டுக் கமல் குடியேறிவிட்டார். சந்தானபாரதி டைரக்‌ஷன், வேணு கேமரா. அதே இடத்தை 2024-ல் சிதம்பரம் என்கிற மலையாள டைரக்டர் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று எடுத்தார். 2006-ல் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த சிநேகிதர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்ததும், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கித் தூக்கியதும் நிஜ சம்பவம். அந்தப் படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த குகை உள்பக்கம் பெரும்பாவூரில் போட்ட செட்! ஆர்ட் டைரக்டர் அஜயன் சாலிசேரி. வெளியே நிஜக் கொடைக்கானல், உள்ளே கேரளத்து கோடவுன். நடுவே ஒட்டுப் போட்ட இடம் தெரிந்ததா? பாறையில் வழிகிற ஈரம், சட்டையில் அப்பிய சேறு, மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒரு புண்ணியவான் கணக்கு வைத்திருக்க வேண்டும். அந்த முகம் தெரியாத ஆசாமிக்கு எங்கள் டீக்கடையில் ஒரு டீ சமர்ப்பணம்.

மாணவர்களுக்கு ஏன் எப்பவும் பேய், கொலை, மர்மம் என்றே புத்தி போகிறது என்றும் பேச்சு வந்தது. எனக்குத் தெரிந்த காரணம்: காசு. 1986-ல் ‘ஊமை விழிகள்’ எடுத்த ஆபாவாணன், அரவிந்தராஜ் கோஷ்டி சென்னை ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பையன்கள்தான். அவர்கள் கையில் எடுத்ததும் திரில்லர். இந்த ரகப் படங்களில் ஜனங்களுக்கு விதிமுறை ஏற்கெனவே தெரியும். கதவு கிறீச்சிட்டால் போதும், மீதியை அவர்களே கற்பனை பண்ணிப் பயந்துகொள்வார்கள். கிறீச்சுக்குச் செலவு கிடையாது.

இரண்டாம் நாள் அந்த விதிமுறையை வைத்தே எங்களுக்குள் சண்டை வந்தது.

மத்தியானம் இரண்டு மணி. ஹீரோவுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் பளீர் வெயில். பாதி ஷாட் முடிந்திருக்கிறது. வந்தது மேகம்! ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்தோம். நகரவில்லை.

‘‘எடுத்துடலாம் மாமா. பேய்ப் படம்தானே? வெயில் திடீர்னு மேகமானா பேய் பண்ணுச்சுன்னு நினைச்சுக்குவாங்க.’’

கூடவே ஒரு ஆதாரமும் காட்டினான். 1980-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘தி ஷைனிங்’ படத்தில், ஹீரோ டைப் அடிக்கிற காட்சியில் பின்னால் இருக்கிற நாற்காலி அடுத்த ஷாட்டில் காணோம். அது மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றைக்கும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

நான் நோட்டை மூடிவிட்டேன். ‘‘டேய், உன் படத்துல பேய் பண்ற ஒரே வேலை என்ன?’’

‘‘டம்ளரை நகர்த்துது.’’

‘‘அதுவரைக்கும் எதுவும் தானா மாறக் கூடாது. அங்கே சால்வை மாறுது, இங்கே வெயில் மாறுதுன்னா, கடைசியில டம்ளர் நகர்ந்தா அதையும் உங்க ஆளுங்க மறதின்னுதான் நினைப்பாங்க. காதல் படம் பார்க்கறவன் கதாநாயகியைப் பார்ப்பான். பேய்ப் படம் பார்க்கறவன் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பான். அங்கேதான் கணக்கு இன்னும் கறாரா இருக்கணும்.’’

யாரும் பேசவில்லை. பேரேடு எழுதுகிறவன் குப்ரிக்குக்கே ஆட்சேபம் சொல்கிறானே என்ற அதிர்ச்சியாக இருக்கலாம்.

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அவன்தான். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, ‘‘ஜன்னலைத் திறக்கட்டும்’’ என்றான். ஹீரோ பேசிக்கொண்டே எழுந்து போய்ச் சாத்தியிருக்கிற மரக்கதவைத் திறக்கிறார். மேகம் உள்ளே வருகிறது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்ப வந்து உட்காருகிறார். அந்த ஒரு ஷாட்டுக்கு முன்னால் எல்லாம் வெயில், பின்னால் எல்லாம் மேகம். மாறின காரணத்தை ஜனங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். அதோடு, ‘ஐயையோ, ஏண்டா திறந்தே!’ என்று அடிவயிறும் கலங்கும். கன்டினியூட்டியில் விழுந்த ஓட்டையைப் பேய்ப் பட விதியை வைத்தே அடைத்துவிட்டான் பாவிப்பயல்! கேமராவில் நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸை முதல் நாளே அணைத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் மேகம் ஒரு ஷாட்டில் நீலமாகவும் ஒரு ஷாட்டில் மஞ்சளாகவும் தெரிந்திருக்கும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். யாரும் பேசாத அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். எடிட்டிங்கில் அதை அடியில் ஓடவிட்டால், மேலே பத்து வெட்டு விழுந்தாலும் காது ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று நம்பிவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காக எட்டு முறை முயற்சி செய்தோம். ஏழு முறை நாய் குரைத்தது.

மூன்றாம் நாள் டம்ளர் ஷாட். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் கிளம்ப வேண்டும், இன்னொரு நாள் வாடகை கொடுக்க அக்காவின் சீட்டில் மிச்சம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் வேண்டும். நேற்று வேண்டாம் என்றபோது வந்து உட்கார்ந்த சனியன், இன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. மணி மூன்று. மூன்றரை. வானம் நீலமாகச் சிரிக்கிறது. பயல் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று நாளில் முதல் தடவையாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வாட்ச்மேன் தாத்தா உள்ளே போய் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துவந்தார். ‘‘வெளிய வெள்ளையாத் தெரியணும், அவ்வளவுதானே தம்பி?’’

ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தள்ளி வேட்டியைக் கட்டினோம். பின்னாலிருந்து வெயில் அடிக்க, கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினான் பையன். மடிப்பு மறைந்தது, கரை ஃபிரேமுக்கு வெளியே போயிற்று. சாட்சாத் மேகம்! நேற்றைய போட்டோவை வைத்து டம்ளரை அதே இடத்தில் வைத்தேன். மேஜை விளிம்பிலிருந்து ஒரு ஜாண், டீ கோடு வரைக்கும். இடத்துக்கு அடையாளமாக அடியில் ஒட்டியிருந்த டேப்பை மறக்காமல் உரித்தேன். டம்ளர் நகர்ந்ததும் அது பல்லை இளிக்குமே! தூண்டில் நரம்பைக் கட்டி, மேஜைக்கு அடியில் படுத்து இழுத்தவன் டைரக்டரேதான். மூன்றாவது டேக்கில் ஓகே. வேன் கிளம்பும்போது மணி ஐந்தேகால்.

பெருமாள்மலை தாண்டும்போது ரோட்டையே மறைத்துக்கொண்டு வந்து நின்றது மேகம். வேனுக்குள் எல்லோரும் அதைத் திட்டிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

காலேஜ் ஹாலில் படத்தைப் போட்டபோது அக்காவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டம்ளர் ஷாட் வந்தது. மியூசிக் இல்லை, அந்த ஒரு நிமிஷ அறைச் சத்தம் மட்டும். டம்ளர் நகர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு காலையும் தூக்கி ஸீட் மேலே வைத்துக்கொண்டாள்.

அக்கா என் பக்கம் குனிந்தாள். ‘‘ஏண்டா தம்பி... ஜன்னல்ல தெரியறது வேட்டியா?’’