எந்தப் பாத்தி ஜெயித்தது? வேளாண் முதுநிலைப் படிப்பும் உங்கள் வயலும்

"என்ன தம்பி, அன்னைக்குப் போட்ட பாத்தியில எந்தப் பாத்தி ஜெயிச்சுது?"

காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. எம்.எஸ்சி. உழவியல் படித்தபோது என் ஆய்வுக்கு 20 சென்ட் நிலம் கொடுத்தவர் அவர். நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டமும் வாங்கி, முனைவர் படிப்பில் சேர்ந்துவிட்டேன். அறுவடை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் பார்த்தபோதுதான் இப்படிக் கேட்டார். ஆய்வு முடிவை ஆங்கிலத்தில் நூறு பக்கங்களுக்கு மேல் எழுதியிருந்தேன். நிலம் கொடுத்தவருக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

வேளாண் முதுநிலைப் படிப்பைப் பற்றி விவசாயப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பி.எஸ்சி. வேளாண்மை படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். 'அடுத்து என்ன?' என்று அந்தப் பிள்ளை கேட்டால், பதில் சொல்ல உங்களுக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, அந்தப் பிள்ளை செய்யப்போகும் ஆய்வுக்கு வேண்டிய கேள்வியும் நிலமும் உங்களிடம்தான் இருக்கின்றன.

பாதிப் படிப்பு ஆய்வுதான்

பி.எஸ்சி. இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி ஊரக வேளாண் பணி அனுபவம் பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வருவது கற்றுக்கொள்ள. முதுநிலை மாணவர் வருவது, இதுவரை விடை தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க.

எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுப் படிப்பு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ள பாடத்திட்டப்படி மொத்தம் 70 மதிப்பலகுகள். அதில் 30 ஆய்வுக்கு மட்டுமே. முனைவர் படிப்பில் 100க்கு 75 ஆய்வுக்கு. அதாவது, வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பது ஒரு பகுதிதான். மீதி வயலிலும் ஆய்வகத்திலும் நடக்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் தோன்றியது. அதன் வேர் 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி வரை போகிறது. இன்று கோவை மட்டுமல்லாமல் மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, பெரியகுளம், மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகளிலும் முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன. உழவியல், மண்ணியல், பயிர் மரபியல், பூச்சியியல், பயிர் நோயியல், விதை அறிவியல், வேளாண் பொருளியல், விரிவாக்கம், தோட்டக்கலை எனத் துறைகள் பல.

எல்லோருக்கும் முதுநிலை தேவையா?

தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு இளநிலைப் பட்டம் போதும். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கும் அப்படியே. சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைக்கு 'அக்ரி கிளினிக்' திட்டம் இருக்கிறது. 2002இல் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி இலவசம். வங்கிக் கடனுடன் நபார்டு வழியாக மானியமும் உண்டு: பொதுப்பிரிவினருக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம்.

வேளாண்மை உதவி இயக்குநர் பணிக்கு நேரடியாகப் போகவும், வேளாண் அறிவியல் நிலையத்தில் தொழில்நுட்ப வல்லுநர் ஆகவும் முதுநிலைப் பட்டம் வேண்டும். இவற்றில் விருப்பம் உள்ள பிள்ளையும், 'இது ஏன் இப்படி ஆகிறது?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையும் முதுநிலைக்குப் போகலாம். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் போனால் இரண்டு ஆண்டுகள் வீணாகும்.

பணம் தடையாக வேண்டாம்

என் சொந்த அனுபவம் ஒன்று. அகில இந்திய நுழைவுத் தேர்வு ஒன்று இருப்பதும், அதில் தேறினால் உதவித்தொகை கிடைக்கும் என்பதும், விண்ணப்பத் தேதி முடிந்து நான்கு நாள்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாநில அளவில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்த்தான் முதல் ஆண்டுக் கட்டணம் கட்டினோம். படிப்பில் குறை இல்லை, தகவலில்தான் குறை. உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

முதுநிலையில் சேர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாநிலப் பல்கலைக்கழகம் தானே நடத்தும் சேர்க்கை. மற்றொன்று, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்திவரும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் சேர இரண்டாவது வழிதான். மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் முதுநிலை இடங்களில் ஒரு பகுதியை இந்தத் தேர்வின் வழியாக நிரப்புகின்றன.

இந்தத் தேர்வில் ஒரு சிக்கல் உண்டு. பாடங்களை 20 குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது எந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அந்தக் குழுவில் உள்ள துறைகளில் மட்டுமே பிறகு இடம் கேட்க முடியும். பூச்சியியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை அவசரத்தில் வேறு குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நல்ல மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதையும் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்.

உதவித்தொகை விவரம் இது. தரவரிசையில் முன்னணியில் வருபவர்களுக்கு ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலை உதவித்தொகையாக மாதம் ரூ.12,640, இதரச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ.6,000 வழங்கப்பட்டு வந்திருக்கிறது. இந்தத் தேர்வின் மூலம் சொந்த மாநிலத்துக்கு வெளியே சேருபவர்களுக்கு தேசியத் திறன் உதவித்தொகை மாதம் ரூ.5,000. தொகைகள் அவ்வப்போது மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முனைவர் படிப்புக்கும் தனி நுழைவுத் தேர்வும் உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெறுபவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக்கடன் தேவைப்பட்டால், கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கிகள் தரலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே சரிபார்த்து வையுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று தேதியைத் தவறவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

கேள்வி உங்கள் வயலிலிருந்து வரட்டும்

முதுநிலை மாணவர் முதல் ஆண்டிலேயே ஆய்வுத் தலைப்பை முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் நூலகத்தில் உட்கார்ந்து, முன்பு வந்த ஆய்வேடுகளைப் புரட்டி, அதிலிருந்து ஒரு தலைப்பை எடுக்கிறார்கள். அதனால்தான் சில ஆய்வுகள் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன.

நிலைமையை நீங்கள் மாற்றலாம். 'ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகிவிட்டது, உளுந்து முளைப்பு குறைகிறது', 'நேரடி நெல் விதைப்பில் இந்த ஒரு களை மட்டும் எந்தக் களைக்கொல்லிக்கும் அடங்கவில்லை' என்பவையெல்லாம் நல்ல ஆய்வுத் தலைப்புகள். இவற்றை ஒரு தாளில் எழுதி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுங்கள். நெல்லுக்கு ஆடுதுறை, பயறுக்கு வம்பன், எண்ணெய் வித்துக்குத் திண்டிவனம் என்று நிலையங்கள் இருக்கின்றன.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பருவத்தில் பத்து விவசாயிகள் உங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டால், அதைக் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரின் ஆய்வேடாக அது மாறக்கூடும்.

ஆராய்ச்சிப் பண்ணையும் விவசாயி வயலும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்குத் திருந்திய நெல் சாகுபடி நல்ல உதாரணம். மடகாஸ்கர் தீவில் உருவான அந்த முறையைக் கோவையில் 2000ஆம் ஆண்டு வாக்கில் சோதிக்கத் தொடங்கினார்கள். 2003-04இல் தாமிரபரணி, காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகளின் வயல்களுக்குச் சோதனை போனது. நாற்றின் வயது, இடைவெளி, கோனோவீடர் ஓட்டும் நாள் என ஒவ்வொன்றும் முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வுப் பொருளானது.

நிலம் கொடுக்கும் முன்

மாணவர் ஒருவர் வந்து ஆய்வுக்கு நிலம் கேட்டால் தயங்க வேண்டாம். என் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்குத் தழைச்சத்தை எட்டு விதங்களில் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மூன்று முறை. ஆக 24 பாத்திகள். ஒரு பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர். வரப்பு, வாய்க்கால் எல்லாம் சேர்த்து 20 சென்ட் போதுமானதாக இருந்தது.

மூன்று பாத்திகளில் தழைச்சத்தே போடவில்லை. பயிர் மஞ்சளாக நின்றதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆனால் அந்தப் பாத்தி இல்லாவிட்டால், விளைச்சலில் மண் தந்தது எவ்வளவு, உரம் தந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்த மூன்று பாத்திகளின் பரப்பு 60 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்ட். பெரியவருக்கு வந்த இழப்பு அவ்வளவுதான்.

அவர் தந்தது அதைவிடப் பெரிது. நான் கயிறு பிடித்துப் பாத்தி அளந்தபோது, "கிழக்கு மூலையில முன்ன எருக்குழி இருந்துச்சு தம்பி, அங்க போடாத" என்றார். அந்த மூலையில் பாத்தி போட்டிருந்தால் பழைய எருவின் வளத்தை நான் கொடுத்த உரத்தின் பலன் என்று எழுதியிருப்பேன். மண் பரிசோதனை அறிக்கையில் இல்லாத தகவல் அது.

நிலம் கொடுக்கும் முன் இவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்:

• விதை, உரம், கூலிச் செலவு யாருடையது?

• குறைந்த விளைச்சல் வரும் பாத்திகளுக்கு ஈடு என்ன?

• விளைந்த தானியம் யாருக்கு?

• பரிந்துரை இல்லாத மருந்து எதையும் அடிக்கப் போகிறார்களா? அப்படியென்றால் அந்தத் தானியத்தை என்ன செய்வது?

• முடிவைத் தமிழில், ஒரு பக்கத்தில், எந்த மாதத்துக்குள் தருவார்கள்?

மாணவரின் வழிகாட்டிப் பேராசிரியர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். ஐந்து கேள்விகளில் கடைசிக் கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

மாணவருக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். தேர்வாளருக்கு அது வேண்டும். அதோடு ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். என்ன செய்தோம், எது விளைந்தது, ஏக்கருக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்ற நான்கு விவரங்கள் போதும். அறுவடைக்குப் பிறகு வயல்காரரின் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டுங்கள். 'இந்தக் கணக்கு சரியில்லையே' என்று அவர் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அந்தத் திருமண வீட்டில் பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரியவருக்கு முடிவைச் சொன்னேன். இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை இலையோடு ஒப்பிட்டு, பச்சை குறைந்தபோது மட்டும் யூரியா போட்ட பாத்திதான் ஜெயித்தது. வழக்கமாகப் போடும் அளவு உரமிட்ட பாத்தியின் விளைச்சலே அதிலும் கிடைத்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய அரை மூட்டை யூரியா மிச்சம்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்போ நாலு போகமா ஏக்கருக்கு அரை மூட்டைய வீணாப் போட்டிருக்கேன்னு சொல்லு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த குறுவைக்கு இலை வண்ண அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு என்னிடம் ஆய்வு செய்ய வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது தலைப்பை அல்ல. "யாருடைய வயல்? முடிவை அவரிடம் எப்போது சொல்லப் போகிறாய்?" என்பதைத்தான். உங்கள் வயலுக்கு வரும் மாணவரிடம் நீங்களும் அதையே கேளுங்கள்.