அட்டவணையில் நீளும் அரைமணி

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஆகாய மார்க்கமாக அளந்தால் ஏறத்தாழ 270 கிலோமீட்டர்தான். விமானம் வானத்தில் இருக்கும் நேரமும் முக்கால் மணியை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஆயினும் கால அட்டவணையில் ஒரு மணி என்றோ, அதற்குச் சற்று மேலாகவோ போட்டிருப்பதைக் கண்டு அச்சுப்பிழையோ என்று ஐயுறும் பிரயாணிகள் உண்டு. பிழையன்று. நிறுத்திடத்தை விட்டு நகர்ந்த கணம் முதல், ஓடுபாதை வரை ஊர்ந்து, முறைக்குக் காத்து நின்று, பறந்து இறங்கி, சேருமிடத்தில் ஓய்ந்து நிற்கும் கணம் வரையுள்ள மொத்த நேரத்தையே ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். சற்றுத் தாமதித்தாலும் குறித்த வேளைக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ள வசதியாக, அதில் சில நிமிஷங்களைத் தாராளமாகவே சேர்த்துவைப்பதும் நிறுவனங்களின் வழக்கம்.

இதைப் பிரயாணி அலட்சியம் செய்வதற்கில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, 24 மணி நேரத்துக்கு முன்பாகவேனும் அறிவிக்காமல் விமானத்தை ரத்து செய்து, நமக்குச் சம்மதமான மாற்று விமானமும் தராத நிறுவனம், டிக்கெட் பணத்தைத் திருப்புவதோடு நஷ்ட ஈடும் தரவேண்டும்: பிளாக் டைம் ஒரு மணி வரையானால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரையானால் 7,500, அதற்கு மேற்பட்டால் 10,000. தொகையைக் கண்டு மகிழ்கிறவர்கள் அடுத்த வரியையும் வாசிக்கவேண்டும். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதனினும் குறைவானால், அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும்.

தாமதத்துக்கும் பிளாக் டைமே அளவுகோல். இரண்டரை மணிக்கு உட்பட்ட பிரயாணமானால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சிற்றுண்டி தரவேண்டும். டில்லி போன்ற தூரத்துக்கு, இரண்டரையைத் தாண்டி ஐந்து மணி வரை என்றால், மூன்று மணி காத்திருக்கவேண்டும். ஆக, அட்டவணை நீண்டால் நஷ்ட ஈடு உயரலாம்; காபியோ தள்ளிப் போகும்! ஐரோப்பியர் வேறு வழி கொண்டார்கள். அவர்களுடைய 2004ஆம் ஆண்டு விதி தூரத்தையே பார்க்கிறது. பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு விமானம் எவ்வளவு சுற்றி வந்தாலும், பூகோளத்தின்மீது இரு ஊர்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய தூரமே கணக்கு. அது 3,500 கிலோமீட்டரைத் தாண்டுவதால் நஷ்ட ஈடு 600 யூரோ வரை போகும்.

புயல், கலவரம் முதலிய அசாதாரணக் காரணங்களுக்கு இங்கே நஷ்ட ஈடு இல்லை. அதைவிட எளிதாக நாம் இழக்கும் வழி ஒன்றுண்டு: டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் ஏஜெண்டு தம்முடைய தொலைபேசி எண்ணையே பதிந்துவிடுகிறார்; தொடர்பு விவரம் சரிவரத் தராதவருக்கு நஷ்ட ஈடு கிடையாது என்று விதியே சொல்கிறது. எண் நம்முடையதுதானா என்று பதிவின்போதே பார்த்துக்கொள்ளவேண்டும்.

முறையீட்டை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பலாம்; பயனில்லையேல் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ தளம் இருக்கிறது. அங்கும் பரிகாரம் கிட்டாவிட்டால், தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் அங்கே கட்டணமும் இல்லை. போர்டிங் பாஸை மட்டும் கசக்கி எறிந்துவிடாதிருக்கவேண்டும்.