வாகனம் பழுதானால் நாமே கழற்றுவதா, பாஸிடம் கொடுப்பதா?

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு ஒரு சிறிய கடை உண்டு. பிளாஸ்டிக் சாமான்களும் சமையலறைப் பாத்திரங்களும் விற்கிறேன். புறக்கோட்டையில் சாமான் எடுத்து வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது ஒரு பழைய டீசல் வேன். அந்த வேன் நின்றால் என் வியாபாரத்தில் பாதி நின்றுவிடும். இதை வாசிக்கும் பலருடைய நிலைமையும் இதுவாகத்தான் இருக்கும்.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனத்தை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கம் வரை 200 ரூபா அளவில் நின்ற டொலர், ஏப்ரலில் 300 ரூபாவையும் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. "கூலியையாவது மிச்சப்படுத்துவோம்" என்று நம்மில் பலர் ஸ்பெனரைக் கையில் எடுத்தது அந்த நாட்களில்தான். நானும் எடுத்தேன்.

நான் செய்த தவறு

முதலில் என்ஜின் ஒயில், பில்டர், பற்றரி என்று சிறிய வேலைகளைச் செய்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்தத் துணிவில் 2022 நோன்பு காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கசிந்துகொண்டிருந்த பிரேக் ஹோஸ் ஒன்றையும் நானே மாற்றினேன். புதிய பிரேக் ஒயிலை ஊற்றி, பெடலைப் பலமுறை மிதித்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடைப் பொடியன் சாமான் ஏற்றிக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம் இறங்கினான். ஒழுங்கை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் அடிவரை போய்விட்டது. அவன் சமயோசிதமாக ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் வேன் வீதிக்குள் பாதி போய் நின்றது. அந்த நேரம் வாகனம் எதுவும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வேனைப் பார்த்த பாஸ் சொன்னது இதுதான்: "முதலாளி, கழட்டிப் பூட்ட எல்லாருக்கும் ஏலும். லைன்ல நிக்கிற காத்த எடுக்கிறதுதான் வேல."

அவர் சொன்னதன் விளக்கம் எளிது. பிரேக் ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். லைனில் காற்று நின்றால், நாம் மிதிக்கும் விசை சில்லுக்குப் போகாமல் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். வேகமாகப் பலமுறை மிதித்தால் பெடல் இறுகுவது போலத் தோன்றும். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவதால் அது மட்டும் வேலை செய்தது. நான் மிச்சப்படுத்தியது இரண்டு மணி நேரக் கூலி. பணயம் வைத்தது இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் உயிர்.

கணக்கை எப்படிப் பார்ப்பது?

அன்றிலிருந்து ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கணக்குப் பார்க்கிறேன். முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நாமே செய்தாலும் பாகத்தின் விலை பெரும்பாலும் அதேதான். மிச்சமாவது கூலி மட்டுமே.

ஓர் உதாரணம். கராஜில் ஒரு வேலைக்குக் கூலி 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத எனக்கு அது ஐந்து மணி நேரம் எடுக்கும். நான் கடையில் இல்லாவிட்டால் மணிக்கு 1,500 ரூபா இலாபம் குறையும் என்றால், ஐந்து மணி நேரத்துக்கு 7,500 ரூபா. 6,000 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் 1,500 ரூபா நட்டம். அதற்குள் அவசர ஓடர் ஒன்று வந்து முச்சக்கர வண்டி பிடித்தால் அதுவும் செலவு.

அதே வேலையைக் கடை பூட்டிய நாளில், ஒரு மணி நேரத்தில் முடிக்க முடியுமானால் கணக்கு மாறும். அப்போது கூலி முழுவதும் மிச்சம்தான். ஆகவே "எனக்குச் செய்யத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த நாளில், எத்தனை மணி நேரத்தில் முடிப்பேன்?" என்றும் கேட்க வேண்டும்.

ஆயுதங்களின் விலையையும் சேர்க்க வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை தேவைப்படும் ஸ்பெனர் செட் காசை மீட்டுத்தரும். ஒரேயொரு முறை பாவித்துவிட்டு மூலையில் போடும் ஆயுதம் மீட்டுத்தராது. இன்னொன்று, கராஜ் பில் இருந்தால் அதை வியாபாரச் செலவாகக் கணக்கில் காட்டலாம். நமது வியர்வைக்குப் பில் கிடையாது.

மூன்று பட்டியல்கள்

என் கடை மேசை இலாச்சியில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன.

முதலாவது, நாமே செய்யலாம். என்ஜின் ஒயிலும் பில்டரும், எயார் பில்டர், வைப்பர், பல்ப், ஃபியூஸ், பற்றரி, டயர் காற்று, ரேடியேற்றர் தண்ணீர் பார்ப்பது. இவற்றிலும் ஒழுங்கு உண்டு. பற்றரியைக் கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. ஜெக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகே போக வேண்டும். பாவித்த ஒயிலைக் கானில் ஊற்றாமல் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பாகத்தை நாம் வாங்கி, வேலையை பாஸிடம் கொடுப்பது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளச், ஷொக் எப்சோபர் போன்றவை இதில் அடங்கும். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தையும் செசி இலக்கத்தையும் கொண்டுபோங்கள். ஒரே மொடலிலும் வருடத்துக்கு வருடம் பாகம் மாறும். அசலா, கொப்பியா, பாவித்ததா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த முறையில் ஒரு பாதகமும் இருக்கிறது. பாகம் பழுதானால் "நீங்க கொண்டுவந்த சாமான்தானே" என்று பாஸ் கைகழுவிவிடலாம். ஆகவே முதலில் அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் வகையை வாங்குவதே நல்லது.

மூன்றாவது, கை வைக்கவே கூடாதவை. பிரேக் லைன், ஸ்டியரிங், எயார் பேக், ஏசி காஸ் ஆகியவை இதில் வரும். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் தோடம்பழ நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஓடுவது சாதாரண 12 வோல்ட் அல்ல. 100 வோல்டுக்கும் மேற்பட்ட, உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம்.

ஒரு வேலை எந்தப் பட்டியலில் சேரும் என்று தெரியாவிட்டால் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "நான் பிழைவிட்டால் என்ன நடக்கும்?" வாகனம் ஸ்டார்ட் ஆகாது என்பது விடையானால் முயன்று பார்க்கலாம். வாகனம் நிற்காது என்பது விடையானால் பாஸிடம் கொடுங்கள்.

பாஸுடன் கொடுக்கல் வாங்கல்

பாஸிடம் கொடுத்தால் ஏமாற்றிவிடுவார் என்ற பயத்தினாலேயே பலர் தாமே கழற்றத் தொடங்குகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாம் கேட்காமல் விடுவதுதான். வேலை தொடங்குமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். மேலதிக வேலை வந்தால் செய்யுமுன் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பெரிய வேலையானால் இன்னோர் இடத்திலும் விலை கேளுங்கள்.

நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். நமக்கு வரவேண்டிய கடன் பிந்தினால் எவ்வளவு கஷ்டப்படுகிறோம்? பாஸின் கூலியை இழுத்தடித்தால் அவருக்கும் அதே கஷ்டம்தான். உடனுக்குடன் காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் வேனைத்தான் அவரும் அவசரத்தில் முதலில் எடுப்பார்.

வாகனத்துக்கென்று ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, பாகத்தின் விலை, கூலி, செய்தவர் யார் என்று எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால், வாகனத்தை வைத்திருப்பது இலாபமா, விற்பது இலாபமா என்பதையும் அந்தக் கொப்பியே சொல்லிவிடும். நாளை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் அது உதவும்.

அந்தப் பொடியன் இன்றும் என்னிடம்தான் வேலை செய்கிறான். நோன்பு துறந்த பிறகு அன்று இரவே அவனுடைய வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவனுடைய உம்மா என்னை ஏசவில்லை. "இனிமே பாத்துச் செய்ங்க மகன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எங்கள் வேனின் பிரேக்கை பாஸைத் தவிர வேறு எவரும் தொட்டதில்லை. ஒயிலை மட்டும் இன்றும் நான்தான் மாற்றுகிறேன், கடை பூட்டிய நாளில்.